லூலியோவுக்குக் கொடி நட வருகிறவருக்கு

முதலில், கைபேசியைச் சட்டைக்குள் வை.
மேலங்கிப் பையில் அல்ல,
உள்ளே, தோலோடு தோலாக.
பிப்ரவரியில் இங்கே
அறுபது விழுக்காடு என்று காட்டும் பேட்டரி
அடுத்த மூச்சில் கண்ணை மூடிவிடும்.
திட்டாதே. அக்குளில் இடுக்கிக்கொண்டு நட.
தானாக விழித்துக்கொள்ளும்.

கையுறையின் ஆள்காட்டி விரலை வெட்டாதே.
மிலானிலிருந்து வந்த ஒருவர் வெட்டினார்.
கொடி கிடைத்தது.
விரல் நுனி மூன்று வாரம் மரத்துக் கிடந்தது.
நாங்கள் மூக்கால் ஆடுகிறோம்.
பேருந்து நிறுத்தத்தில் யாராவது
கைபேசிக்கு முத்தம் கொடுப்பதுபோல் குனிந்தால்
நம் ஆள்தான்.
ஓடிப்போய்ப் பேசாதே.
தலையை லேசாக அசை.
இந்த ஊரில் அதுவே நீண்ட உரையாடல்.

ஜூனில் வந்தால் வேறு தொல்லை.
இருட்டினால்தான் வௌவால்கள் வரும் என்று விதி வைத்தவர்கள்
எந்த ஊர்க்காரர்களோ!
இங்கே சூரியன் முகம் கழுவப் போய்
துடைக்காமலே திரும்பிவிடும்.
அதற்குள் எத்தனை பிடிப்பாய்?
வெளிச்சத்தை நம்பாதே, கடிகாரத்தை நம்பு.
இரண்டு நாள் உறங்காமல் சுற்றிய ஒருத்தி
நூலகச் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள்.
கொசுக்கள் அவளை விடிய விடிய ஆடின,
விடிதல் என்று ஒன்று இருந்திருந்தால்.

காமல்ஸ்டாடில் தேவாலயத்தைச் சுற்றிலும்
சிவப்புக் குடில்கள், வெள்ளைச் சன்னல்கள்.
தடுக்கி விழுந்தால் ஒரு கொடிக்கல்.
சன்னலுக்கு நேரே திரையை உயர்த்தாதே.
உள்ளே சிவ் லின்மார்க் இருப்பார்.
முதல் தடவை முறைப்பார்.
இரண்டாம் தடவை கதவைத் திறப்பார்.
மூன்றாம் தடவை உனக்கும் காப்பி ஊற்றுவார்.
அப்புறம் உனக்கு ஏது கொடி.

காலையில் எழுந்தால் ஊர் முழுக்க ஊதா அணியின் கொடி பறக்கும்.
காரணம் டோர்க்னி.
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார்.
நான்கு மணிக்கே கிளம்பி
நகராட்சிச் சம்பளத்தில், நகராட்சி டீசலில்
தெருத்தெருவாகப் பிடித்துக்கொண்டு போவார்.
நாங்கள் போர்வையை விலக்குமுன்
கோட்டை போயிருக்கும், வாசல் சுத்தமாக இருக்கும்.
யாரிடம் முறையிட?

இனி, கடல்.
வரைபடம் அதை எப்போதும் நீலமாகவே காட்டும்.
ஜனவரி கடந்தால் அது சாலை.
சறுக்கு நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்துத்
தள்ளிக்கொண்டு போவார்கள்.
நீயும் போ. சீவிய பாதையை விட்டு மட்டும் இறங்காதே.

நான் இறங்கினேன்.
மார்ச் மாதம். தீவில் கலங்கரை விளக்கம்,
அதன் உச்சியில் ஊதாக் கொடி.
குறுக்கே போனால் இருநூறு மீட்டர்தான் என்றது அம்புக்குறி.
அம்புக்குறிக்குக் கால் நனையாது.
பாதியில் கைபேசி செத்தது.
காற்று எழுந்தது.
மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை,
கரை எந்தப் பக்கம் என்று
எச்சில் விழுங்கும் ஓசை எனக்கே கேட்டது.

தன் கொடியை நோக்கி வந்த புள்ளி ஒன்று
கடல் நடுவே அணைந்ததைக்
காப்பி இடைவேளையில் பார்த்திருக்கிறார் டோர்க்னி.
பனி ஸ்கூட்டரில் வந்தார்.
ஒரு வார்த்தை இல்லை.
பின்னிருக்கையைத் தட்டினார்,
குடுவையை நீட்டினார்.
அதில் இருந்தது காப்பியா கொதிநீரா,
இன்றுவரை தெரியாது. குடித்தேன்.

ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்களே,
நாங்கள் கடலையே கடந்தோம்.
கரையில் என்னை இறக்கிவிட்டு,
என் காலுக்கடியில் இருந்த கடைசிப் பச்சைக் கொடியை,
படகுத்துறைக் கொடியை,
நான் பார்க்கப் பார்க்க,
மூக்கால் தொட்டுப்
பறித்துக்கொண்டு போனார்.

ஆகவே
உன் அணியில் எத்தனை பேர் இருந்தாலும்
எதிரணியில் ஒருவரின் எண்ணை வைத்திரு.
டோர்க்னியின் எண் என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.
இரவு எட்டுக்கு மேல் அழைக்காதே.
பாவம், நான்கு மணிக்கு எழ வேண்டியவர்.